ஊறுகாய் ஜாடியில் ஒரு சீட்டு

மைனி பொய் சொல்லி நான் கேட்டதில்லை. உண்மையை முழுசாகச் சொல்லியும் கேட்டதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரும். அதற்கு மேல் அரை வார்த்தை வராது. மைனிக்குக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. கூண்டில் ஏறுகிற சாட்சிகளையெல்லாம் வக்கீல்கள் "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்" என்று அதட்டுவதை வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர். சாட்சிகள் யாரும் அந்தப் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. மைனி கேட்டுக்கொண்டார்.

எனக்கு அவர் உறவு இல்லை. டவுணில் நெல்லையப்பர் கோயிலுக்குப் பின்னால் ஒரு குறுகலான முடுக்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் அவர் மைனியானார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுத் தொழுவம். அதில் மாடு இல்லை. ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றது. மாஞ்சோலைப் பக்கம் ஏதோ ஒரு எஸ்டேட்டில் தேயிலைச் சாக்கு சுமந்து, முதுகு வளைந்து, ஏலத்துக்கு வந்த வண்டி. தொழுவத்தில் அதை நிறுத்தினால் கதவைத் திறக்க இடமிருக்காது. ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். மைனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவதைப் பார்த்து முடுக்கில் பேசாத வாய் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பாங்கில் கிளார்க். என்னிடம் ஒரு சைக்கிள் மட்டும் இருந்தது. பழைய வண்டிப் பைத்தியத்துக்குச் சொந்த வண்டி தேவையில்லை, அடுத்தவர் வண்டி போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி தொண்டையை விட்டு இறங்குவதற்கு முன்னால் மைனி வீட்டுத் தொழுவத்தில் இருப்பேன். என்னைப் போல இன்னும் இரண்டு பேர். ஒருவர் விக்கிரமசிங்கபுரத்தில் மில் பிட்டர். முதல் பஸ்ஸைப் பிடித்து, வேஷ்டி மடியில் ஸ்பேனரோடு வருவார். அவர் வீட்டிலும் ஒரு பிக்கப் இருந்தது, ஆனால் அது பிரித்தபடி எட்டுச் சாக்கில் கிடந்தது. இன்னொருவர் உவரியில் மீன் வியாபாரி. அவருடைய பிக்கப் ஓடும், ஆனால் உப்பு தின்று தின்று அடித்தளத்தில் ஓட்டை விழுந்து, ஓட்டும்போது ரோடு தெரியும். "பிரேக் புடிக்காட்டி காலை ஊணிரலாம்லா" என்பார்.

மூன்று பேரும் சேர்ந்து எட்டு மாதம் போராடி மைனியின் வண்டியை ஓடவைத்தோம். அப்படிச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் நாங்கள் கழற்றியதையெல்லாம் மைனிதான் மாட்டினார்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஓடுகிற வண்டியில் என்ன இருக்கிறது? பிட்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பொண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் அந்த விளையாட்டு பிறந்தது. வாரம் ஒருவர் யாருக்கும் தெரியாமல் வண்டியில் ஒரு பழுது வைக்க வேண்டும். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எதையும் உடைக்கக் கூடாது. பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தொடக் கூடாது. வைத்த பழுதை ஒரு சீட்டில் எழுதி, மைனி வீட்டுக் காலி ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு மூடிவிட வேண்டும். தோற்றவர்கள் தொழுவத்தைக் கூட்டிப் பெருக்க வேண்டும்.

நான் பழுது வைத்த வாரங்களில் ஐந்து நிமிஷத்தில் அகப்பட்டுக்கொண்டேன். பிட்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி நடப்பார். பேட்டரிப் பக்கம் வந்ததும் நான் எச்சில் விழுங்குவேன். "இங்கனதானவே?" என்று குனிந்து எடுத்துவிடுவார். உவரிக்காரர் வைத்த பழுதில் மீன் வாடை இருக்கும், மூக்கே போதும்.

மைனி முறை வந்தால் நாங்கள் காலையிலேயே விளக்குமாற்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை அவர் வைத்தது, தட்டச்சுக்கு வைக்கிற மெல்லிய தாளில் நகக்கண் அளவு ஒரு துண்டு. பிளாட்டினம் பாயிண்ட் இரண்டுக்கும் நடுவில் செருகியிருந்தார். பாயிண்டில் தாள் இருந்தால் பிளக்கில் பொறி வராது. நாங்கள் பேட்டரியை மாற்றினோம், ஒயரை மாற்றினோம், பிளக்கை நாலு தடவை கழற்றித் துடைத்தோம். மைனி அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பிளக்குலயா மைனி?" என்று கேட்டேன்.

"இல்ல."

"ஒயர்லயா?"

"இல்ல."

"பக்கத்துலயாவது வந்துட்டமா?"

"எதுக்குப் பக்கத்துல?"

முகத்தில் ஒன்றும் ஓடாது. அந்த முகத்தைப் பார்த்து ஒரு பழுதைக் கண்டுபிடிப்பதைவிட அம்மியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது தடவை வைத்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுப் போக ஓர் ஊசி ஓட்டை உண்டு. அதில் சோப்பைத் தேய்த்து அடைத்துவிட்டார். காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. வண்டி நன்றாகக் கிளம்பும், கோயில் வாசல் வரை போகும், நின்றுவிடும். உவரிக்காரர் இறங்கி, சிலுவை போட்டுக்கொண்டு, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார். திறந்ததும் உள்ளே காற்றுப் போய்விடுமே, வண்டி உடனே கிளம்பிவிடும். நாலு ரத வீதியிலும் நாலு இடத்தில் நின்றது. நாலு இடத்திலும் அவர் சிலுவை போட்டார், வண்டி கிளம்பியது. கடைசியில் அவர் கண்ணில் தண்ணீர். "அந்தோணியார் நம்ம கூடவே வாராரு வே" என்றார். பிட்டருக்கு சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. அவரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மத்தியானம் சீட்டை எடுத்துப் படித்தபோது உவரிக்காரர் மைனியோடு ஒரு மணி நேரம் பேசவில்லை.

"மூடியில ஏதும் இருக்கான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா" என்றார் மைனி.

மூன்றாவதாக அவர் கை வைத்தது டிஸ்ட்ரிபியூட்டரில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் சரியான நேரத்தில் பொறியை அனுப்புவது அதன் வேலை. அதை இந்தப் பக்கம் ஒரு நூல் அளவு திருப்பினால் பொறி முந்தும், என்ஜினில் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்கும். அந்தப் பக்கம் திருப்பினால் பொறி பிந்தும், என்ஜின் சூடேறி மூச்சு வாங்கும். மைனி முந்துகிற பக்கம் ஒரே ஒரு நூல் திருப்பி வைத்திருந்தார். சீட்டைத் திறக்க மனசில்லாமல் மூன்று வாரம் தேடி, மூன்று வாரமும் தொழுவத்தைக் கூட்டினோம். மூன்றாம் வாரம் முடுக்கில் இருந்த பெண்கள், "எங்க வீட்டையும் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதிலிருந்து, வண்டி லேசாகத் தும்மினாலும் எங்கள் மூன்று பேர் கையும் டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் தேடிப் போகும்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அந்த வருஷம்தான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பேப்பருக்குப் பின்னால் இருந்து பேசுகிற மனுஷர். வண்டியின் புத்தகம் அவர் பெயரில் இருந்தது. அதைத் தவிர அவருக்கும் வண்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "எட்டு முழம் தொழுவம். இடிச்சா ஒரு ரூம் கட்டலாம்" என்று வாரம் ஒரு தடவை பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

வண்டிக்கு எப்.சி. எடுக்க வேண்டிய நாள் வந்தது. ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிதான் என்று மோட்டார் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை, ஒரு தடவை விளக்குக்காகவும் ஒரு தடவை புகைக்காகவும், திருப்பி அனுப்பியிருந்தார்கள். அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேசினார். அவர் பேப்பரை மடித்தால் முடிவான பேச்சு என்று அர்த்தம்.

"இதான் கடைசித் தடவ. வெள்ளிக்கிழமை கையெழுத்து விழலைன்னா சனிக்கிழமை காயலான் கடைக்காரன் வருவான். சொல்லி வச்சிட்டேன்."

மைனி ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லையே. ஆனால் அந்த வாரம் விளையாட்டு கிடையாது என்று அவராகவே ஜாடியைக் கழுவி நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்தார். கோர்ட்டுக்குப் போகும் முன்னால் தினமும் தொழுவத்துக்குப் போய் வண்டியின் மூக்கில் கையை வைத்துவிட்டுப் போனார். நான் பார்த்தேன். காய்ச்சல் பிள்ளைக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. அந்த வண்டி அவருக்கு என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினோம். பிட்டர் ஓட்டினார். பக்கத்தில் மைனி, ஜன்னலோரம் பேப்பரோடு அண்ணாச்சி. நானும் உவரிக்காரரும் பின்னால் நின்றுகொண்டோம். இன்ஸ்பெக்டர் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் பன்னிரண்டு மணி வரைதான் இருப்பார். ஜங்ஷன் தாண்டும்போதே வண்டி இழுக்க மாட்டாமல் இழுத்தது. ஆற்றுப் பாலத்தில் பாதி தூரம் போனதும் ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிட்டது.

கீழே தாமிரபரணியில் எருமைகள் சுகமாகக் கிடந்தன. மேலே எங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. பின்னால் டவுண் பஸ்கள் வரிசை கட்டிவிட்டன. ஒரு டிரைவர் தலையை நீட்டி, "ஏலே, பாலத்துல என்ன, பாலு காய்ச்சிக் குடி போறீயளா?" என்று சத்தம் போட்டார்.

பிட்டர் பானட்டைத் திறக்கக்கூட இல்லை. இறங்கி மைனி பக்கம் வந்தார்.

"மைனி, வெளையாட்டு போதும். என்ன வச்சிருக்கீய?"

"ஒண்ணும் வைக்கல."

"இந்த வாரம் வைக்கல. போன வாரம்?"

"போன வாரமும் வைக்கல."

பிட்டர் யோசித்தார். "வைக்கலைன்னுதான் சொல்லுதாவ. எடுக்கலைன்னு சொல்லல பாத்தீரா?" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அது பெரிய கண்டுபிடிப்பாகத்தான் பட்டது.

"ஏதும் எடுத்தீங்களா மைனி?" என்றேன்.

"எடுக்கல."

"மாத்துனீங்களா?"

"மாத்தல."

"அடைச்சீங்களா?" இது உவரிக்காரர். கேட்டுக்கொண்டே போய் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். சிலுவை போடவில்லை.

"அடைக்கல."

"சீட்டு?" என்றார் பிட்டர்.

"ஜாடியில நார்த்தங்கா கெடக்கு" என்றார் அண்ணாச்சி, பேப்பருக்குள்ளிருந்து. "காலையில நான்தான் தொட்டுக்கிட்டேன்."

பொய்யே சொல்லாத ஒரு மனுஷி ஐந்து தடவை இல்லை என்று சொல்லிவிட்டார். நாங்கள் ஆறாவது கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தோம். மணி பதினொன்று தாண்டிவிட்டது. மைனி இறங்கினார். அவர் முகத்தில் ஏதோ ஓடுவதை அன்றைக்குத்தான் முதல் முதலில் பார்த்தேன். அழுகையா கோபமா என்று தெரியவில்லை.

"நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றார்.

அவர் கேள்வி கேட்டு நாங்கள் கேட்டதே இல்லை.

"இந்த வாரம் வண்டியை ஆரு தொட்டீய?"

பிட்டர் ஆற்றைப் பார்த்தார். உவரிக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார். நான் எச்சில் விழுங்கினேன். பிட்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"வே, நீரா?"

ஒப்புக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மைனி கோர்ட்டுக்குப் போயிருந்த நேரம், பாங்குக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று தொழுவத்துக்குப் போனேன். சந்தேகத்தோடு போன காதுக்கு டொக்கு டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஆகா, கடைசி நேரத்திலும் மைனி புத்தியைக் காட்டிவிட்டார் என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பிந்துகிற பக்கம் ஒரு நூல் திருப்பிவிட்டேன். காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

பிட்டர் வாய் பிளந்தார். "நான் பொதங்கெழமை வந்தேன். எனக்கும் கேட்டுச்சு, டொக்கு டொக்குன்னு. ஒரு நூல்தான் திருப்புனேன்."

"நேத்து நம்ம மீனு எறக்கிட்டு வாரப்ப தொழுவத்துக்கு வந்தேன்" என்றார் உவரிக்காரர். "எனக்குச் சத்தமெல்லாம் கேக்கல. ஆனா மைனி வச்சிருந்தா சத்தம் கேக்காதுல்லா? அதான் ஒரு நூலு."

மைனி பானட்டைத் திறந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் சரியாக நின்றபோது ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். கீறலிலிருந்து அது எங்கேயோ விலகி நின்றது. குனிந்து விரலால் அளந்து பார்த்தார்.

"மூணு பேருக்கு இம்புட்டு வராதே" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மைனி திரும்பி வண்டிக்குள் பார்த்தார். பேப்பர் பைய மேலே ஏறியது. அண்ணாச்சியின் தலைமயிர்கூடத் தெரியவில்லை.

"நீங்களுமா?"

பேப்பரின் ஒரு பக்கம் புரண்டது. பிறகு பேப்பர் பேசியது. "தொழுவத்துச் சாவி எங்கிட்டதான இருக்கு. மூணு பேரு வந்து, மூணு பேரும் ஒரே பக்கமா திருப்பிட்டுப் போனாங்க. செரி, அந்தப் பக்கம்தான் நல்லது போலன்னு நானும் ஒரு நூல்..."

"ரூம் கட்டணும்னீய?"

"கட்டணும்னா நேரே கட்டுவேன். வண்டியத் தோக்க விட்டுட்டுக் கட்டுனா ஒரு மாதிரி இருக்காது?"

மைனி சிரிக்கவில்லை. ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, போல்ட்டைத் தளர்த்தி, கீறலுக்கு நேராகத் திருப்பி, இறுக்கினார். இரண்டு நிமிஷ வேலை. ஆற்றிலிருந்து உவரிக்காரர் மோந்து வந்த தண்ணீரை, சூடு தணிந்ததும் ஊற்றினோம். பானட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஆளு நம்பியிருந்தா ஒரு நூலு கொறைஞ்சிருக்கும்லா தம்பி" என்றார்.

நான் ஸ்பேனரை வாங்கித் துடைத்தேன். என் வயதுக்கு அதுவரை வாங்கிய வசவெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மைதானத்துக்குள் நுழைந்தோம். இன்ஸ்பெக்டர் கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்துவிட்டு, "எல்லாம் வேலை செய்யுதா?" என்று கேட்டார்.

"எதக் கேக்கீங்க?" என்றார் மைனி.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியதாயிற்று. ஹாரன், உண்டு. விளக்கு, எரியும். கைப்பிரேக், பிடிக்கும். ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார், பிடித்துப் பார்த்தார். எல்லாம் சரி. பதினேழாவது கேள்வியில் அலுத்துப்போய், "நீங்க என்ன, கோர்ட்டுல வேலை பாக்கீங்களா?" என்றார். "ஆமா" என்றார் மைனி. கையெழுத்து விழுந்தது. திரும்பும்போது மைனியே ஓட்டினார். பாலத்தில் ஏறும்போது அண்ணாச்சி பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி வந்தார்.

அதற்குப் பிறகும் நாலைந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே ஓடின. தொண்ணூறுகளின் கடைசியில் மைனியின் மகளுக்குப் பெங்களூரில் பிள்ளை பிறந்தது. மைனி விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணாச்சியோடு அங்கே போகத் தயாரானார். வண்டி எங்கே போகும் என்பதுதான் எங்கள் மூன்று பேருக்கும் கவலை. மற்ற இருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்டேன்.

"எனக்குத் தருவீங்களா மைனி?"

"தாரேன்."

"அவங்க ரெண்டு பேரும் என்னைவிடக் கைகாரங்களாச்சே?"

"அவிய கேக்கல தம்பி."

கிளம்புகிற அன்றைக்குச் சாவியோடு ஊறுகாய் ஜாடியையும் கையில் கொடுத்தார். உள்ளே மடித்த சீட்டு ஒன்று இருந்தது. எனக்கு மனசு துள்ளியது. போகும்போதும் ஒன்று வைத்துவிட்டுப் போகிறார்!

"என்ஜின்லயா மைனி?"

"இல்ல."

"கியர் பாக்ஸ்ல?"

"இல்ல."

"ஒயரிங்?"

"இல்ல."

ரயில் நகர்கிற வரை பிளாட்பாரத்தில் கூடவே நடந்து கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை. முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. அண்ணாச்சி பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பதினொரு மாதம் அந்த வண்டியைப் பிரித்தேன். பிட்டரும் உவரிக்காரரும் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். கழற்றாத போல்ட் இல்லை. கழற்றிய பிறகு சும்மா மாட்ட முடியுமா? துடைத்தோம், துருவைச் சுரண்டினோம், பெயிண்ட் அடித்தோம், தேய்ந்ததை மாற்றினோம். வண்டி புதுப் பெண் மாதிரி ஆகிவிட்டது. பழுதுதான் அகப்படவில்லை. கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு, விளக்குமாற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, ஜாடியைத் திறந்தோம்.

கோர்ட்டு மெஷினில் அடித்த சீட்டு. ஒரே வரி.

"எதுவும் வைக்கவில்லை."

அப்போதுதான் உறைத்தது. பிளாட்பாரத்தில் அத்தனை கேள்வி கேட்டேன். ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்கவில்லை.

பிட்டர் சீட்டை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். "வைக்கலைன்னுதான் போட்டிருக்கு. எடுக்கலைன்னு போடலியேவே" என்றார். உவரிக்காரர் ஏற்கெனவே டேங்க் மூடிப் பக்கம் போய்விட்டார். பிட்டரின் கை பானட்டுக்குள் டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடிப் போனது.

நான் அவர் கையைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டு, பானட்டை இறக்கி மூடினேன்.

"மைனி ஒண்ணும் வைக்கல" என்றேன். "ஏறுங்க. பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்."